வேக்குவம் விளக்குமாறு இல்லீங்க



வழக்கமா நான் இங்க எழுதுறது வெள்ளிக்கிழமை அன்னதானம், உழவாரப் பணி நேரம், இந்த வாரம் அரிசி யாரோட உபயம், இவ்வளவுதான். இன்னிக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல சின்னப் பிள்ளைங்களோ வயசானவங்களோ இருந்தா தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. வீடு கழுவித் துடைக்கிற வேலை ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் வீட்டுக்காரம்மா அடுப்படியில முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தாங்க. ஹால் என் பொறுப்பு. மகன் ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்த கம்பியில்லாத வேக்குவம் கிளீனர் இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிஞ்சு கூட்ட வேணாம்னு வாங்கிக் கொடுத்தது. நான்தான் அதை வச்சு சோபாவுக்கு அடியில இழுத்துக்கிட்டு இருந்தேன். நாலு வயசுப் பேத்தி பக்கத்துல உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கிட்டு இருந்தா.

போன் அடிச்சது. கோயில்ல இருந்து, அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டைன்னு கேட்டு. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேட்கல. அப்போ நான் என்ன செஞ்சிருக்கணும்? மெஷினை நிறுத்தியிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மெஷினை அப்படியே ஓட விட்டு, சோபாவுல சாய்ச்சு வச்சிட்டு, சத்தம் கேட்காத இடம் தேடி வாசலுக்குப் போயிட்டேன். ஒரு நிமிஷம்தானேன்னு.

அந்த ஒரு நிமிஷத்துல பேத்தி மெஷினுக்குக் கீழ என்ன சுத்துதுன்னு தலையைச் சாய்ச்சுப் பார்த்திருக்கா. பின்னல் நுனி பிரஷ்ல மாட்டிக்கிச்சு. அவ அலறின சத்தம் வாசல் வரைக்கும் வந்துச்சு. நான் ஓடி வர்றதுக்குள்ள வீட்டுக்காரம்மா அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்து மெஷினை நிறுத்திட்டாங்க. காதுக்கு மேல தோல் சிவந்து உரிஞ்சு போச்சு. முடியைக் கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுத்தோம். கிளினிக்ல டாக்டர் பார்த்துட்டு, பெரிய காயம் இல்லை, ஆறிடும்னு சொன்னாரு. ஆறிடுச்சு. இப்போ நல்லா இருக்கா.

ஆனா நான் இதை எழுதுற காரணம் அந்தக் காயம் இல்லை. அன்னிக்கு ராத்திரி மகன் வேலை முடிஞ்சு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நேரா அம்மாகிட்டதான் போனான். "ஏம்மா, பிள்ளையைப் பார்த்துக்கக் கூடாதா? வீட்டுலதானே இருந்தீங்க?" அப்படின்னு கேட்டான். அவங்க ஒண்ணும் பேசல. கண் கலங்கி நின்னாங்க. நான்? நானும் ஒண்ணும் பேசல. மெஷினை ஓட விட்டுட்டுப் போனது நான்னு சொல்ல வாய் வரல. அறுபத்தி மூணு வயசு எனக்கு. கோயில்ல நாலு பேருக்குப் புத்தி சொல்ற ஆளு.

ரெண்டு நாள் கழிச்சுதான் மகன்கிட்ட உண்மையைச் சொன்னேன். இப்போ உங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.

இதுல இருந்து எனக்குப் பட்ட ஒரே ஒரு கருத்து இதுதான். வேக்குவம் கிளீனரை நாம விளக்குமாறுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது விளக்குமாறு இல்லை. மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு மாதிரி அதுவும் ஒரு மெஷின். அதைப் போட்டவங்கதான் அதுக்குப் பொறுப்பு. பக்கத்துல இருந்த பிள்ளையோ, அடுப்படியில இருந்த பாட்டியோ இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ஓடுற மிக்சிக்குள்ள பிள்ளையைக் கை விட விடுவோமா? எரியுற அடுப்பை விட்டுட்டு வாசலுக்குப் போவோமா? போக மாட்டோம். ஆனா வேக்குவத்தை ஸ்டோர் ரூம்ல விளக்குமாறு பக்கத்துலயே சாய்ச்சு வைக்கிறோம். பிள்ளைங்க அது மேல ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டினா சிரிச்சுக்கிட்டு வீடியோ எடுக்கிறோம். விளக்குமாறு கையை விட்டா கீழ விழும், அவ்வளவுதான். இது கையை விட்டாலும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

"அங்கிள், சும்மா பயமுறுத்தாதீங்க, எங்க வீட்டுல பத்து வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகல" அப்படின்னு சொல்றவங்க இருப்பீங்க. நானும் போன மாசம் வரைக்கும் அப்படிச் சொன்ன ஆளுதான். மெஷினைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லல. முழங்கால் வலிக்காரங்களுக்கும், தூசி பட்டா மூச்சு இழுக்கிறவங்களுக்கும் இது பெரிய உதவி. இந்த மெஷினோட கதையே அப்படித்தான் ஆரம்பிச்சது. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர்னு ஒருத்தர், கடையில கூட்டிப் பெருக்கிற வேலை பார்த்தவர். ஆஸ்துமா உள்ளவர். பெருக்கும்போது கிளம்புற தூசி தாங்காமத்தான் கையில தூக்கிப் போற மாதிரி ஒரு மின்சார மெஷினைச் செஞ்சு 1908ல காப்புரிமை வாங்கினார். அதனால நான் மெஷினுக்கு எதிரி இல்லை. தெரியாம கையாளுறதுக்குத்தான் எதிரி.

முதல்ல பிள்ளைங்க விஷயம்.

இந்த மெஷின்ல ஆபத்தான இடம் ரெண்டு. ஒண்ணு உறிஞ்சுற வாய். இன்னொண்ணு கீழ சுத்துற பிரஷ். உள்ள ஒரு மோட்டார் விசிறியைச் சுத்துது, அந்த வேகத்துலதான் காத்து உள்ள இழுக்குது. இப்போ வர்ற சில கம்பியில்லாத மெஷின்ல அந்த மோட்டார் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல சுத்துது. பிரஷ் அந்த அளவு வேகம் இல்லைன்னாலும், ஒரு குழந்தையோட விரலையோ முடியையோ சுருட்டி இழுக்கப் போதும். தோல்ல உராய்ஞ்சா தீக்காயம் மாதிரியே புண்ணாகும்.

குழாயை வச்சுக்கிட்டு பிள்ளைங்க விளையாடுறது இன்னொண்ணு. கன்னத்துல வச்சா 'பச்சக்'னு ஒட்டும், சிரிப்பு வரும். அதே குழாயைக் காதுல வச்சா காது ஜவ்வுக்கு ஆபத்து. கண்ணுல வச்சாலும் அப்படித்தான். சிரிப்பு விளையாட்டு எந்த நொடியில காதுக்குப் போகும்னு நமக்குத் தெரியாது. அதனால முகத்துக்கு மேல குழாய் போகவே கூடாதுன்னு பழக்கிடுங்க. பெரியவங்க நாமளும் வேடிக்கைக்காக வச்சுக் காட்டக் கூடாது. நாம செய்யறதைத்தான் அதுங்க செய்யும்.

வயர் உள்ள மெஷின்னா அந்த நீள வயரும் ஒரு ஆபத்து. கழுத்துல சுத்திக்கும், பெரியவங்க கால்ல தட்டும். பட்டனை அமுக்கினா வயர் தானா உள்ள ஓடுற மெஷின் இருக்கு இல்லையா, அந்த பிளக் சாட்டை மாதிரி வீசிக்கிட்டு வரும். பிள்ளையோட கண் உயரம் அது. பிளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டே மெதுவா உள்ள விடுங்க. பிள்ளைங்களை அந்தப் பட்டனை அமுக்க விடாதீங்க.

இப்போ நிறைய வீட்டுல தானா ஓடுற ரோபோ வேக்குவம் வந்திருச்சு. அது சின்னது, சாதுன்னு நினைக்கிறோம். 2015ல தென் கொரியாவுல ஒரு அம்மா வீட்டுத் தரையில படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தப்போ, அவங்க முடியை ரோபோ வேக்குவம் இழுத்துக்கிச்சு. தீயணைப்பு வீரர்கள் வந்துதான் விடுவிச்சாங்க. உலகம் முழுக்க வந்த செய்தி அது. நம்ம வீட்டுலயும் மதியம் பாய் விரிச்சுப் படுக்கிற பழக்கம் இருக்கு. தவழுற குழந்தையைத் தரையில விடுறோம். யாராவது தரையில இருக்கும்போது ரோபோவை ஓட விடாதீங்க. எல்லாரும் வெளிய போற நேரத்துக்கு ஓட விடுறதா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி தரையில கிடக்கிற வயரு, துணி, திரைச்சீலை நாடா எல்லாத்தையும் எடுத்து மேல வச்சிடுங்க.

அந்த ரோபோவோட வர்ற ரிமோட்டையும் பாருங்க. சில ரிமோட்ல பத்து காசு மாதிரி தட்டையா ஒரு பேட்டரி இருக்கும். குழந்தை அதை முழுங்கிட்டா, உணவுக்குழாய்ல சிக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து புண்ணாக ஆரம்பிச்சிடும். வெளிய ஒரு அடையாளமும் தெரியாம இருக்கலாம். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்க. காத்திருந்து பார்ப்போம்னு நினைக்காதீங்க. ரிமோட் மூடிக்கு திருகு இருந்தா இறுக்கி வைங்க, இல்லைன்னா டேப் ஒட்டி பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

ஒருவேளை முடியோ விரலோ மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? அன்னிக்கு எனக்குத் தெரியல, அதனால இப்போ எழுதுறேன். முதல்ல மெஷினை நிறுத்துங்க. வயர் இருந்தா பிளக்கைப் பிடுங்குங்க, பேட்டரி கழட்ட முடிஞ்சா கழட்டுங்க. பிள்ளையை இழுக்காதீங்க. பிரஷைக் கையால எதிர்ப்பக்கம் மெதுவா சுத்திப் பாருங்க, வரலைன்னா முடியை வெட்டிடுங்க, முடி திரும்ப வளரும். தோல் உரிஞ்சிருந்தா குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க. பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவாதீங்க. விரல் வீங்கினாலோ, தோல் வெளுத்துப் போனாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க.

இன்னொண்ணு. தொண்டையில சாப்பாடு சிக்கினா வேக்குவம் குழாயை வாயில வச்சு உறிஞ்சலாம்னு சிலர் பேசுறதைக் கேட்டிருக்கேன். செய்யாதீங்க. நாக்கு, தொண்டை கிழியும், பொன்னான நேரமும் போயிடும். இருமித் துப்ப முடியலைன்னா, குனிய வச்சு முதுகுல தோள்பட்டைக்கு நடுவுல அஞ்சு தட்டு, அதுக்கப்புறம் தொப்புளுக்கு மேல வயித்தை உள்நோக்கி மேல அழுத்தி அஞ்சு தடவை, மாத்தி மாத்தி. ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு வயித்தை அழுத்தக் கூடாது. முதுகுல அஞ்சு தட்டு, அப்புறம் ரெண்டு விரலால நெஞ்சு நடுவுல அஞ்சு அழுத்து. கூடவே ஒருத்தர் ஆம்புலன்ஸ் கூப்பிடணும். மலேசியாவுல 999, சிங்கப்பூர்ல 995.

சரி, பெரியவங்க விஷயத்துக்கு வர்றேன். இதுக்கு நம்ம கோயில்ல நடந்த ஒண்ணைச் சொன்னாதான் புரியும்.

போன வருஷம் ஒரு விசேஷம் முடிஞ்சு ராத்திரி மண்டபத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தோம். ஒரு தம்பி, நல்ல சுறுசுறுப்பான பையன், சாம்பிராணி தட்டைச் சுத்தி விழுந்து கிடந்த சாம்பலை வேக்குவத்தால உறிஞ்சிட்டான். அஞ்சு நிமிஷத்துல கருகுற வாடை. பிளக்கைப் பிடுங்கி மெஷினை வெளிய திறந்த இடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தா, உள்ள தூசிப் பை ஓரத்துல கனிஞ்சுக்கிட்டு இருக்கு. "மேல தொட்டுப் பார்த்தேன் அங்கிள், சூடே இல்லை" அப்படின்னு சொன்னான். அவன் சொன்னது பொய் இல்லை. சாம்பல் மேல குளிர்ந்திருக்கும், அடியில கரித்துண்டு உயிரோட இருக்கும். மெஷின் உள்ள காத்து வேகமா வீசுது. கொல்லன் உலையில துருத்தி ஊதுற மாதிரிதான் அது. கூடவே பையில இருக்கிறது காய்ஞ்ச தூசி, முடி, பஞ்சு. நெருப்புக்கு வேற என்ன வேணும்?

நம்ம வீடுகள்லயும் சாமி மேடைக்கு முன்னாடி இதேதான். ஊதுவத்திச் சாம்பல், கற்பூரக் கரி, விளக்குத் திரி, சாம்பிராணிக் கரி. எதையும் வேக்குவத்தால எடுக்காதீங்க. தண்ணி தெளிச்சு, இரும்புத் தட்டுலயோ மூடி உள்ள பாத்திரத்துலயோ அள்ளிப் போட்டு, மறுநாள் கொட்டுங்க. பார்பிகியூ அடுப்புச் சாம்பல், சிகரெட் துண்டு எல்லாத்துக்கும் இதே விதிதான்.

ஆறின விபூதி, கோலமாவு, மஞ்சள், சுவர்ல இருந்து உதிர்ந்த சிமெண்ட் தூள் இதெல்லாம் நெருப்பு இல்லை. ஆனா இதுவும் மெஷினுக்கு எதிரி. ரொம்ப மெல்லிய தூள் பில்டரைச் சீக்கிரம் அடைச்சிடும். நிறைய வீட்டு மெஷின்ல உள்ள இழுக்கிற காத்துதான் மோட்டாரையும் குளிர வைக்குது. பில்டர் அடைஞ்சா காத்து போகாது, மோட்டார் சூடாகும். நல்ல மெஷின் தானா நின்னுடும். தானா நின்னா, 'கெட்டுப் போச்சு'ன்னு திரும்பத் திரும்பத் தட்டி ஓட்டாதீங்க. அது உங்களை எச்சரிக்குது. பிளக்கை எடுத்து, ஆற விட்டு, பையையும் பில்டரையும் சுத்தம் பண்ணுங்க. கழுவுற பில்டரா இருந்தா முழுசா காய்ஞ்சப்புறம் போடுங்க. ஈர பில்டரை மாட்டி ஓட்டக் கூடாது.

அடுத்தது தண்ணி. இது உயிர் போற விஷயம். அபிஷேகம் முடிஞ்ச தரை, அன்னதான மண்டபத்துல கொட்டின ரசம், வீட்டுல பாத்ரூம் வாசல், மழைச் சாரல் அடிச்ச போர்ச். சாதாரண வேக்குவம் காய்ஞ்ச தூசிக்கு மட்டும்தான். ஈரம் உறிஞ்சக் கூடிய மெஷின் தனியா இருக்கு, பெட்டியிலயே 'வெட் அண்ட் டிரை'ன்னு எழுதியிருக்கும். அந்த எழுத்து இல்லாத மெஷினைத் தண்ணி பக்கம் கொண்டு போகாதீங்க. நிறைய வேக்குவத்துக்கு எர்த் வயரே கிடையாது. ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக் காப்புதான் நம்மளைக் காப்பாத்துது. அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் வரைஞ்சிருந்தா அதுதான் அர்த்தம். உடம்பு விரிசல் விட்டாலோ, தண்ணி உள்ள போனாலோ அந்தக் காப்பு போச்சு.

வயர் மேல் தோல் கிழிஞ்சு, கறுப்பு டேப் சுத்தி ஓட்டுற மெஷின் எத்தனை வீட்டுல இருக்கு, எத்தனை கோயில்ல இருக்கு! டேப் ரிப்பேர் இல்லைங்க. வயரை மாத்துங்க. பிளக்கைப் பிடுங்கும்போது வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. எக்ஸ்டென்ஷன் வயர் சுருள்ல இருந்தா முழுசா விரிச்சுட்டு ஓட்டுங்க, சுருண்ட வயர் சூடாகும். 1600 வாட் மெஷின் 240 வோல்ட்ல கிட்டத்தட்ட ஏழு ஆம்பியர் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷன்ல ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நம்ம பிளக்குக்குள்ள இருக்கிற பியூஸ் அதிகபட்சம் 13 ஆம்பியர்தான்.

வீட்டு மீட்டர் பாக்ஸ்ல 'டி' அல்லது 'டெஸ்ட்'னு எழுதின ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மின்சாரம் உடம்பு வழியா கசிஞ்சா, 30 மில்லி ஆம்பியர் அளவுலயே கண் இமைக்கிற நேரத்துல மெயினை விழ வைக்கிற சாதனம் அது. மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. கரண்ட் கட் ஆகணும். ஆகலைன்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பழைய வீட்டுல அந்தச் சாதனமே இல்லாமலும் இருக்கலாம், பாருங்க. சிங்கப்பூர்ல இது எல்லா வீட்டுலயும் இருக்கணும்னு சட்டமே இருக்கு.

உடைஞ்ச டியூப் லைட், பழைய பாதரச தெர்மாமீட்டர் இதையும் வேக்குவத்தால எடுக்காதீங்க. உள்ள இருக்கிற பாதரசம் ஆவியாகி வீடு முழுக்கப் பரவும், மெஷினுக்குள்ளயும் ஒட்டிக்கும். பிள்ளைங்களை வெளிய அனுப்பி, ஜன்னலைத் திறந்து பத்து நிமிஷம் விட்டுட்டு, கெட்டி அட்டையால அள்ளி, மிச்சத்தை டேப்ல ஒட்டி எடுத்து, மூடி உள்ள டப்பாவுல போடுங்க.

தூசியைக் கொட்டுறதும் ஒரு வேலைதான். வீட்டுக்குள்ள கொட்டினா உறிஞ்சின தூசி எல்லாம் திரும்ப நம்ம மூக்குக்கே வரும். வெளிய போய், குப்பைப் பைக்குள்ள வச்சுக் கொட்டுங்க. ஆஸ்துமா உள்ளவங்க முகக் கவசம் போட்டுக்கோங்க, இல்லை வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க.

மாடிப்படி. மெஷினைப் படியில மேல வச்சு, கீழ நின்னு இழுக்காதீங்க. அது உருண்டு வந்தா உங்க மேலதான் விழும். மெஷின் எப்பவும் உங்களுக்குக் கீழ்ப் படியில இருக்கட்டும், வயர் காலுக்குப் பின்னாடி கிடக்காம பார்த்துக்கோங்க. இடுப்பு வலிக்காரங்க குனிஞ்சு தள்ளாம, குழாய் நீளத்தை உங்க உயரத்துக்கு மாத்திக்கோங்க.

வாங்குறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. மலேசியாவுல வேக்குவம் கிளீனர் சுருஹான்ஜாயா தெனாகாவோட கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு, சிரிம் லேபிள் ஒட்டியிருக்கணும். சிங்கப்பூர்ல சேஃப்டி மார்க். பாசார் மாலாம்லயோ ஆன்லைன்லயோ அம்பது வெள்ளிக்குக் கிடைக்குதுன்னு வாங்குறதுக்கு முன்னாடி அந்த லேபிளைத் தேடுங்க. கம்பியில்லாத மெஷினுக்கு பேட்டரி மாத்தும்போது, பேர் தெரியாத மலிவு பேட்டரி வாங்காதீங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா அணைக்கிறது கஷ்டம். மெஷினோட வந்த சார்ஜரையே போடுங்க. வீட்டை விட்டு வெளிய போற வழியில, வாசல் கதவுக்குப் பக்கத்துல சார்ஜ் போடாதீங்க. தூங்குற நேரத்துலயும் வேணாம். உப்பிப் போன பேட்டரியை உடனே நிறுத்துங்க, வீட்டுக் குப்பையில போடாதீங்க.

இவ்வளவும் எழுதினேன். இதெல்லாம் மெஷினோட வந்த புத்தகத்துலயே பெரும்பாலும் இருக்கு. என் வீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்துல இருக்கு, சீனத்துல இருக்கு, மலாய்ல இருக்கு. தமிழ்ல இல்லை. மெஷினை வாங்கினது ஆங்கிலம் படிச்ச மகன். ஓட்டுறது தமிழ்ப் பள்ளியில ஆறாவது வரைக்கும் படிச்ச அம்மா. இல்லைன்னா ஊர்ல இருந்து வேலைக்கு வந்த பணிப்பெண். அந்தப் புத்தகத்தை அவங்களுக்கு யாராவது படிச்சுச் சொன்னோமா? பட்டனைக் காட்டினோம், "இதை அமுக்குனா ஓடும்"னு சொன்னோம், போயிட்டோம். ஏதாவது நடந்தா மட்டும் "பார்த்துச் செய்யக் கூடாதா?"ன்னு கேட்கிறோம். கற்றுக் கொடுக்காதவங்களுக்குக் குறை சொல்ற உரிமை இல்லைங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதனால நான் ஒரு சின்ன வேலை செஞ்சேன். ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதி, வீட்டு மெஷின்லயும் கோயில் மெஷின்லயும் ஒட்டியிருக்கேன்.

1. கையை விட்டா நிறுத்து. போன் வந்தாலும், யாராவது கூப்பிட்டாலும் நிறுத்திட்டுப் போ.
2. பிள்ளை தரையில இருந்தா போடாதே.
3. தண்ணி, சாம்பல், உடைஞ்ச கண்ணாடிக் குழல் வேணாம்.
4. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கு. கம்பியில்லாததா இருந்தா பேட்டரியைக் கழட்டு.

அவ்வளவுதான். காசு செலவில்லை. நீங்களும் எழுதி ஒட்டுங்க. உங்க அம்மா படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல எழுதுங்க. பணிப்பெண் வேற மொழிக்காரங்களா இருந்தா அவங்க மொழியில எழுதுங்க. ஒரு தடவை பக்கத்துல நின்னு ஓட்டிக் காட்டுங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க, விரட்டாதீங்க. மெஷினை நிறுத்தி, பேட்டரியைக் கழட்டிட்டு, பிரஷைக் காட்டி "இது இப்படித்தான் சுத்தும், முடி மாட்டும்"னு காட்டினா நாலு வயசுக்குப் புரியும். என் பேத்திக்குப் புரிஞ்சது.

கோயில்ல உழவாரப் பணிக்கு வர்ற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பர் சுவாமிகள் உழவாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு கோயில் கோயிலா புல் செதுக்கினவர். அந்தக் கருவியை ஓட்டினது அவர் கைதான். கையை எடுத்தா அது நின்னுடும். இன்னிக்கு நம்ம கையில இருக்கிறது அப்படி இல்லை. தொண்டுன்னு வந்துட்டோம்னு அவசரப்படாதீங்க. மண்டபம் பத்து நிமிஷம் தாமதமா சுத்தமானா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கடைசியா வீட்டு விஷயம். மகன்கிட்ட உண்மையைச் சொன்னப்போ அவன் என்னைத் திட்டல. அம்மாகிட்ட போய் "மன்னிச்சிருங்கம்மா"ன்னு சொன்னான். அப்புறம் நானும் சொன்னேன். கல்யாணம் ஆகி முப்பத்தி ஆறு வருஷத்துல அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டது எத்தனை தடவைன்னு ஒரு கை விரலுக்குள்ள எண்ணிடலாம். அவங்க சொன்னது இவ்வளவுதான்: "சரிங்க. அடுத்த தடவை போன் வந்தா மெஷினை நிறுத்திட்டுப் போங்க."

அந்த ஒரு வரிக்குத்தான் நான் இவ்வளவு எழுதியிருக்கேன்.

படிச்சவங்க உங்க வீட்டுக் குழுவுல பகிருங்க. முக்கியமா உங்க வீட்டுல மெஷின் ஓட்டுறவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேணும், ஆறு மணிக்கே வந்திருங்க.

அன்புடன்,
உங்க கோயில் தொண்டன்